நான் அழித்த பதினோரு பெயர்கள்

எண்பதுகளின் நடுவில், ஆவடிக்கும் திருவேற்காட்டுக்கும் இடையில் வெறும் பூமி இன்னும் நிறையக் கிடந்த காலத்தில் நடந்தது இது. நடந்தது என்று எழுதுவதே தப்பு. நான் செய்தது. எண்பது வயதைத் தாண்டிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் என்னைத் திட்டினால் திட்டட்டும். நானே தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்போது நான் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டிராப்ட்ஸ்மேன். தபால் வழியில் தமிழ் எம்.ஏ.வும் முடித்திருந்தேன். படம் வரையவும் தெரியும், பேசவும் தெரியும் என்பதால், குவார்ட்டர்ஸில் இருந்த நாங்கள் சொந்தமாக வீடு கட்ட ஒரு சங்கம் ஆரம்பித்தபோது என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அண்ணனூருக்குத் தெற்கே சங்கத்துக்கு நிலம் கிடைத்தது. முள்ளும் கோரையும் மண்டிய மேய்ச்சல் நிலம். நடுவில் ஒரு ஓடை, ஓடைக் கரையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு செம்பூராங்கல் பாறை.

மனைப் பிரிவுப் படம் வரைவதற்காக நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் நடப்பேன். சர்வே வரைபடத்தில் வெறும் எண்கள்தான். ஆனால் அங்கே மாடு மேய்க்க வரும் ஒரு பெண்மணிக்கு அந்த நிலத்தின் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர் தெரிந்திருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றுகிறவர்தான். வயது என்னைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம். வாய் மட்டும் பத்துப் பேருக்குச் சமம்.

முதல் நாள் ஓடையைக் காட்டி, இதற்குப் பெயர் உண்டா என்று கேட்டேன்.

"இன்னா சாரே, தமிளு படிச்சிகீறேன்னு சொல்லிக்கினு சுத்துற, இது தெரில? இதான் சொல்லாவாரி. இங்க ஒரு சொட்டு பேயாது. வெயிலு பல்லக் காட்டிக்கினு இருக்கும். மேக்கால ஏரி ரொம்பிச்சின்னு வையி, ஒரு வார்த்த சொல்லாம வந்துடும்."

வாரி என்றால் தண்ணீர் வரும் வழி. சொல்லாமல் வரும் வாரி, சொல்லாவாரி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.

அப்புறம் வாராவாரம் கேட்டு எழுதினேன். அந்தப் பாறைக்குப் பெயர் மாடுதிரும்பி. ஓடைத் தண்ணீர் பாறையின் கழுத்தைத் தொட்டால் மாடுகள் அதற்கு மேல் இறங்காது, திரும்பிவிடும். மனிதரும் அதோடு திரும்பிவிட வேண்டும் என்பது கணக்கு. ஓடைக்கு அந்தப்புறம் கரிய சேறாகக் கிடந்த பள்ளம் வண்டிமுழுங்கி. சித்திரை வெயிலிலும் அடி காயாத ஒரு கல் இருந்தது, அது வேர்வைக்கல். கிழக்கே லேசாக உயர்ந்திருந்த இடம் நாய்மேடு. "தண்ணி ஏறிச்சின்னா ஊர்ல இருக்குற நாய்ங்க அல்லாம் அங்கதான் போய்ப் படுக்கும். நாய்க்குத் தெரியும் சாரே, மனுசனுக்குத்தான் ஒரு எளவும் தெரில" என்றார்.

மொத்தம் பதினோரு பெயர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்கு அவை மேல் உண்மையான ஆசை இருந்தது. வீட்டில் மனைவியிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுவேன். யாரோ தண்ணீரில் அடிபட்டு, பயந்து, தப்பித்து, பின்னால் வருகிறவனுக்காக வாய்வழியாக எழுதி வைத்த பலகைகள் அவை என்று எனக்குப் புரிந்திருந்தது. புரியாமல் செய்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

கமிட்டிக் கூட்டத்தில் நோட்டைத் திறந்து வாசித்தேன். பழைய பெயர்களையே தெருக்களுக்கு வைக்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். அறையே சிரித்தது.

"சார், நாய்மேட்டுல குடியிருக்கேன்னு சொன்னா எம் பொண்ண எவன் கட்டிக்கிட்டுப் போவான்?"

"எங்க மாமனாருக்கு நான் லெட்டர் எழுதணுமே! நம்பர் நாலு, வண்டிமுழுங்கின்னா அந்த ஆளு அங்கேயே மயக்கம் போட்டுருவாரு."

நானும் சிரித்தேன். அதுதான் முதல் குற்றம். அடுத்த நிமிடமே, மாற்றாக இதைக் கேளுங்கள் என்று, பூக்களின் பெயர்களை அடுக்கினேன். முல்லைத் தெரு, மல்லிகைத் தெரு, செண்பகத் தெரு. எம்.ஏ. படித்தவன் இல்லையா! கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் என் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது.

படமும் வரைந்தேன். ஓடையை அதன் போக்கில் விட்டால் பல மனைகள் குறையும். எனவே அதை ஒரு கோடாக நிமிர்த்தி, மல்லிகைத் தெரு ஓரமாக இரண்டடிக் குழாயில் அடைத்தேன். கோடை காலத்தில் இரண்டடிக் குழாய் தாராளமாகத் தெரியும். அனுமதி கொடுத்த அலுவலகத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாடுதிரும்பியை உடைத்துச் சாலைக்குப் போட்டோம். பதினோரு பெயர்களில் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. கீழே வலது மூலையில் என் கையெழுத்து இருந்தது.

மனைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினோம். ஒரு பெரிய டிபன் கேரியர் அடுக்கில் சீட்டுகளைப் போட்டு, ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். செயலாளருக்கு மட்டும் குலுக்கல் வேண்டாம், பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. என் உழைப்புக்கு மரியாதையாம்.

நான் எந்த மனையை எடுத்தேன் என்று இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். முல்லைத் தெரு, முதல் மனை. நாய்மேடு. மற்றவர்களுக்கு அந்தப் பெயர்கள் வெறும் சிரிப்பு. எனக்கு மட்டும் அவை பயன்பட்டன.

மல்லிகைத் தெருவில் சீட்டு விழுந்தவர்களில் ஒருவர் என் நண்பர். என்னைவிடப் பத்து வயது இளையவர், எங்கள் தொழிற்சாலையிலேயே பிட்டர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். நான் சொன்னால் வேதவாக்கு என்று நினைக்கும் மனிதர். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தப் பால்காரம்மா எம் மனையப் பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போவுது. என்ன தாயின்னு கேட்டா, இந்த எடத்துக்கு ஒரு பேரு உண்டும், ஒங்க சாரு நோட்டுல எழுதி வச்சிருக்காரு, அவர்ட்டயே கேளுங்குது. என்ன பேரு சார்?"

அந்தப் பெண்மணி ஏன் நேரே சொல்லவில்லை தெரியுமா? மனை பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பயந்து சங்கத்தை விட்டே விலகப் பார்த்தார்கள். நான் போய், "இனிமே எங்க ஆளுங்களப் பயமுறுத்தினா உன் மாடு இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது, குவார்ட்டர்ஸ்ல ஒரு வீட்டுக்கும் பால் ஊத்த முடியாது" என்று மிரட்டிவிட்டு வந்திருந்தேன். மாடுகளை நம்பிப் பிழைத்தவர். வாயை மூடிக்கொண்டார்.

நண்பரிடம் சொன்னேன்: "பேரெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. மாடு மேய்க்கிறவங்க வாய்க்கு வந்தத சொல்லுவாங்க. ரெக்கார்டுல சர்வே நம்பர் மட்டும்தான்."

அவர் விடவில்லை. "இல்ல சார், எங்க ஊர்ல ஒரு கல்லுக்கு ஒரு பேரு வச்சிருந்தாவன்னா அதுல ஒரு காரியம் இருக்கும். சும்மா வைக்க மாட்டாவ."

"அது உங்க ஊரு. இது மெட்ராஸ்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். ஒருவருக்கு நிஜம் சொன்னால் தெரு முழுக்க எழுந்து நிற்கும், படத்தைத் திரும்ப வரைய வேண்டும், என் பெயர் கெடும். இதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. பெரிய காரணம் இருந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஏழெட்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதபோது நான் சொன்னதே சரி என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. வீடுகள் நெருங்கின. மரங்கள் வந்தன. நண்பரின் வீட்டுக்கு, ஊரில் தனியாக இருந்த அவருடைய அம்மாவும் வந்து சேர்ந்தார். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டவர். முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலில் படுத்தபடியே, தெருவில் போகிற எல்லோரையும் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். என்னைப் பார்த்தால், "என்ன சார், காப்பி குடிச்சாச்சா?" என்பார். நாளைக்கு நான்கு முறை பார்த்தாலும் அதே கேள்விதான்.

தொண்ணூறுகளில் ஒரு கார்த்திகை மாதம். இரண்டு நாள் விடாத மழை, மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று நல்ல வெயில் அடித்தது. எல்லார் வீட்டு மொட்டை மாடியிலும் துணி காய்ந்தது. நண்பரும் மனைவியும் குழந்தைகளும் மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார்கள். ஞாயிறுதோறும் செய்வதுபோல அம்மாவுக்கு ஒரு பிளாஸ்கில் காப்பி வைத்து, வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் போனார்கள். பாட்டி தனியாக இருக்கும்போது யாரும் உள்ளே வந்துவிடக்கூடாதே என்ற பயம்.

நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால்காரம்மா மூச்சிரைக்க ஓடி வந்து கேட்டைப் பிடித்தார்.

"சாரே, மாடு நவுர மாட்டேங்குது! அந்தப் பாறை இருந்த எடத்தாண்ட நின்னுக்கினு கத்துது. தண்ணி கணுக்காலுதான் கீது, ஆனா எறங்கல. வாரி வருது சாரே. ஜனத்த எழுப்பு!"

பாறை இல்லை. ஆனால் மாடுகள் அதே இடத்தில் நின்றுவிட்டன.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனாலும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். "வெயில் அடிக்குதேம்மா" என்றேன். பதினோரு பெயர்களையும் கேட்டு எழுதியவன், அவற்றின் பொருளைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவன், அவரிடமே அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. மல்லிகைத் தெருவுக்கு ஓடினார். கதவு கதவாகத் தட்டும் சத்தம் கேட்டது. ஜனங்கள் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் போலவே நின்றார்கள். நான் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவதற்குள் சில நிமிடங்கள் போய்விட்டன. என் வாழ்க்கையில் நான் திரும்பக் கேட்பது அந்தச் சில நிமிடங்களை மட்டும்தான்.

மேற்கே ஏரியின் கரை எங்கோ உடைந்திருக்கிறது. குழாய் வாயை முள்ளும் குப்பையும் அடைத்திருந்தது. ஓடைக்குத் தன் பழைய வழி மறக்கவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் மல்லிகைத் தெருவுக்குள் திரும்பி, படிகளில் ஏறி, ஜன்னல் விளிம்பைத் தொட்டது. மற்றவர்கள் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். நண்பரின் வீட்டு வாசலில் பால்காரம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பூட்டைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தார்.

"கடப்பாரை எடுத்தா! உள்ள ஆயா கீது! கொரல் கேக்குது!"

கடப்பாரை என் வீட்டில் இருந்தது. மேட்டுக்கு ஓடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பூட்டு உடைந்தது, கதவு திறக்கவில்லை. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர். மாடியிலிருந்து இன்னும் இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளியதும்தான் வழிவிட்டது. சிவப்பு பிளாஸ்க் ஒன்று மிதந்து வந்து என் மார்பில் மோதியது. கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அந்த அம்மாவை நாங்கள் தூக்கும்போது குரல் நின்று போயிருந்தது.

பூசை முடிந்து திரும்பிய நண்பரை நான்தான் தெருமுனையில் நிறுத்தினேன். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத மாட்டேன்.

அடக்கம் முடிந்ததும் அவர் குடும்பத்தை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் வீட்டில் முழங்கால் அளவு சேறு. எங்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார்கள். அவர் மனைவி என் மனைவியின் புடவையைக் கட்டிக்கொண்டிருந்தார். நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா எங்க போயிருப்போம் சார்" என்றார். ஒரு தடவை இல்லை. மூன்று நாளும் சொன்னார். நானும் மூன்று நாளும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான்காம் நாள் காலை பால்காரம்மா வந்தார். அவருடைய மாடுகளில் இரண்டு அந்தத் தண்ணீரில் போய்விட்டன. இருந்தாலும் குழந்தைகளுக்காகப் பால் கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்றபடி ஹாலில் படுத்திருந்தவர்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இன்னா சாரே. நாய்மேடு நல்லா சௌரியமா கீதா?"

பாலை வைத்துவிட்டுப் போய்விட்டார். சத்தம் போடவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அதற்கெல்லாம் நான் தயாராக இருந்தேன்.

நண்பர் எழுந்து உட்கார்ந்தார். "என்ன மேடு சார்?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஏனோ அன்று அது வெளியே வரவில்லை. பீரோவிலிருந்து நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் அவர் கேட்ட பெயரையும், அதன் பொருளையும், என் மனையை நான் எப்படி எடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவர் நோட்டின் முதல் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் அங்கனதான் சார் கட்டியிருப்பேன்" என்றார். "எனக்கு வேற மனைக்கு ஏது வழி? அம்மைக்கி மட்டும் மாடியில ஒரு கொட்டாய் போட்டுக் கொடுத்திருப்பேன். கதவப் பூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன். அவ்வளவுதான் சார் செஞ்சிருப்பேன்."

பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். குழந்தைகளை எழுப்பினார். ஊற்றி வைத்த காப்பியைத் தொடாமல், சேறு நிறைந்த தன் வீட்டுக்கே குடும்பத்தோடு நடந்து போனார். அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஒரே தொழிற்சாலையில், ஒரே கேண்டீனில் சாப்பிட்டோம். அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செயலாளர் பதவியை விட்டேன். அதை ஒரு தியாகம்போல எல்லோரும் பேசினார்கள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

அவர் மாடியில் ஒரு அறை கட்டினார். காம்பவுண்டுச் சுவரில், தண்ணீர் ஏறிய உயரத்தில் சிவப்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டு, அதன் மேல் பெரிய எழுத்தில் 'சொல்லாவாரி' என்று எழுதினார். தெருப் பெயர்ப் பலகைக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. சங்கத்துக்காரர்கள் வெள்ளையடித்து அழித்தார்கள். மறுபடி எழுதினார். வருடா வருடம் ஐப்பசி பிறந்தால் அழிப்பதும் எழுதுவதும் நடந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போய்விட்டார்.

அடுத்த ஐப்பசியில் நான் பெயிண்ட் டப்பாவோடு போனேன். வாங்கியவரிடம் விஷயத்தைச் சொல்லி, சுவரில் எழுத அனுமதி கேட்டேன். நல்ல மனிதர், தலையாட்டினார். இத்தனை வருடமாக எழுதுகிறேன். இப்போது எழுத்து கோணுகிறது. எழுதத்தான் செய்கிறேன்.

போன வருடம் புதுச் செயலாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். "இன்னா பெரியவரே, நீங்களே இப்டி பண்ணா எப்டி? இந்தப் பேரப் பாத்தா எவன் இங்க ஊடு வாங்குவான்? நல்லா பூ பேரா வெச்சிகீறாங்க, அத உட்டுட்டு..." என்றார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் கையிலிருந்த பிரஷை வீசி எறிந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. மார்பு வலித்து அந்தச் சுவரோரமே உட்கார்ந்துவிட்டேன். பாவம், அந்தப் பிள்ளைதான் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தது.

ஒன்றும் தெரியாமல் பேசிய அந்தப் பிள்ளை மேலேயே எனக்கு இவ்வளவு கோபம் வருகிறதே, எல்லாப் பெயரையும் கேட்டு, பொருளையும் தெரிந்துகொண்டு, நோட்டில் எழுதி பீரோவில் பூட்டி வைத்தவனை நான் என்ன செய்வது என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை.